மரச்செக்கு எண்ணெய் என்று விற்றார்கள், சட்டியில் பொங்கி வழிந்தது

வடசென்னையில் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் என்று கேனில் ஊற்றிக் கொடுக்கும் கடைகளில் வாங்குகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. நேர்மையாகச் செக்கு ஓட்டிப் பிழைக்கிறவர்களை எனக்கே தெரியும். ஆனால் எங்களுக்குக் கொடுத்தது செக்கு எண்ணெய் இல்லை. எங்கேயோ பொரித்துக் கழித்த எண்ணெயை அதில் கலந்திருக்கிறார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். கடைப் பெயரை இப்போது போடவில்லை. மாதிரி பரிசோதனைக்குப் போயிருக்கிறது, முடிவு வரவில்லை.

கடை வாசலிலேயே செக்கு சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிலக்கடலைப் பருப்பு மூட்டை பிரித்து வைத்திருக்கும். பார்க்கிற யாருக்கும் நம்பிக்கை வரும். ஆனால் நமக்கு எண்ணெய் பிடிப்பது அந்தச் செக்கிலிருந்து இல்லை, உள்ளே திரைக்குப் பின்னால் இருக்கும் டிரம்மிலிருந்து. 5 லிட்டர் கேனில் 'சுத்தமான மரச்செக்கு கடலை எண்ணெய்' என்று ஸ்டிக்கர், கீழே ஒரு செல் நம்பர். தயாரித்த தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை, உரிம எண் இல்லை. பில் கேட்டேன். "மிஷின் ரிப்பேர்க்கா, ஜிபே பண்ணிடுங்க, அதுவே பில்லு மாதிரிதான்" என்றார் கல்லாவில் இருந்தவர்.

சின்னவனின் பிறந்தநாளுக்கு நாத்தனார் குடும்பம் வருவதாக இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் கேட்டது, மேலே முறுமுறுவென்று செதில் செதிலாக நிற்குமே, அந்த பிரைடு சிக்கன். நான் வீட்டில் பலமுறை செய்து பிள்ளைகள் தட்டைக் காலி செய்த பண்டம்தான். கல்மண்டபம் மார்க்கெட்டில் கண் எதிரே வெட்டி வாங்கிய கோழி. கால், தொடைத் துண்டுகளை எலும்போடு கெட்டி மோரில் உப்பு, மிளகு, பூண்டு விழுது போட்டு இரவு முழுக்க பிரிட்ஜில் ஊறவைத்தேன். மைதாவும் சோள மாவும் மிளகாய்த் தூளும் கலந்த மாவில் புரட்டி, ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, மறுபடி மாவில் அழுத்திப் புரட்டினேன். மாவு துண்டோடு ஒட்டிப் பிடிக்கத் தட்டில் கொஞ்ச நேரம் விட்டேன். சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றவில்லை. இதையெல்லாம் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்து என்ன கேட்டார் என்று சொல்கிறேன்.

கேனைத் திறந்தபோது கடலை வாசம் தூக்கலாக வந்தது. இப்போது யோசித்தால் அது எசென்ஸாக இருக்கும் என்று படுகிறது. எண்ணெய் சூடேறியதும் அந்த வாசம் எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தை கூடத்திலிருந்து எழுந்து வந்து, "என்னம்மா, மீன் வறுத்த எண்ணெயையா காய்ச்சுற?" என்று கேட்டார். புது கேன் அத்தை என்றேன். ஒரு துளி மாவு போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் மேலே வந்தது. மிதமான தீயில் நாலு துண்டு இறக்கினேன்.

கோழி போட்டால் எண்ணெய் சலசலக்கும், பெரிய பெரிய குமிழி வந்து உடையும். இங்கே வந்தது வேறு. பொடிப்பொடியாக, நெருக்கமாக, பழுப்பு நிறத்தில் நுரை. அது உடையவே இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, பால் பொங்குவது போல சட்டி விளிம்பைத் தொட்டுவிட்டது. தீயைக் குறைக்கக் கை நீட்டுவதற்குள் வழிந்து பர்னரில் இறங்கியது. சட்டியைச் சுற்றி நெருப்பு எழுந்தது. நாத்தனார் ஓடிப்போய் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினாள். நான் பெரிய தட்டத்தை எடுத்துச் சட்டி மேல் கவிழ்த்தேன். பெரியவன் சொம்பில் தண்ணீரோடு வந்துவிட்டான், அவனை அத்தை பிடித்து இழுத்தார். எரிகிற எண்ணெயில் தண்ணீர் பட்டால் அது அந்த நொடியே ஆவியாகி எண்ணெயைத் தூக்கி வீசும், நெருப்பு கூரை வரை போகும். வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை இன்றே சொல்லி வையுங்கள்.

தட்டம் கவிழ்க்கும்போது வலது மணிக்கட்டில் சூடான எண்ணெய் பட்டது. பக்கத்து வீட்டம்மா பேஸ்ட் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், நல்ல மனசு. நாத்தனார் விடவில்லை. "அண்ணி, குழாய்லயே கைய வெச்சுட்டு நில்லுங்க" என்று 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் நிற்க வைத்தாள். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம், அவள் செய்ததுதான் சரி என்று டாக்டரும் சொன்னார். கொப்புளம் வந்து ஆறிக்கொண்டிருக்கிறது. தழும்பு நிற்கும்.

அந்த நாலு துண்டுகளைச் சொல்ல வேண்டும். எடுக்கும்போது மேலே கரும்பழுப்பு. பிய்த்தால் எலும்போரம் ரத்தச் சிவப்பு மாறவே இல்லை. எலும்போடு கூடிய துண்டு மிதமான தீயில் வேக 12 முதல் 15 நிமிடம் ஆகும். இது சில நிமிடத்திலேயே கறுத்துவிட்டது. மேல் மாவை மட்டும் வாயில் வைத்துப் பார்த்தேன். கசப்பு, அதோடு பழைய வறுவல் நாற்றம்.

மீதிக் கோழி மாவு புரட்டாமல் பிரிட்ஜில் இருந்தது. மறுநாள் அதே சட்டி, அதே அடுப்பு, அதே மாவு. எண்ணெய் மட்டும் சீல் உடைக்காத பாக்கெட் கடலை எண்ணெய். பொன்னிறமாக வந்தது. உள்ளே எலும்பு வரை வெந்திருந்தது, நுரையே இல்லை. இதற்கு மேல் என்ன நிரூபிக்க வேண்டும்?

கேனைத் தூக்கிக்கொண்டு நானும் கணவரும் கடைக்குப் போனோம். "செக்கு எண்ணெய்னா நுரைக்கத்தான்க்கா செய்யும். வறுக்கத் தெரியாம வறுத்துட்டு எண்ணெய சொன்னா நான் இன்னா பண்றது?" என்றார். அடுத்தது, "பில்லு எங்க?" கட்டுப் போட்ட கையோடு நிற்கிற ஒருத்தியிடம் கேட்கிற கேள்வி இது. பில் கொடுக்காமல் விற்பதே இப்படிக் கேட்பதற்குத்தான் என்று அப்போது புரிந்தது. பணமும் தரவில்லை, மன்னிப்பும் இல்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். சுத்திகரிக்காத செக்கு எண்ணெயில் கொஞ்சம் ஈரமும் கசடும் இருக்கும், முதலில் காயும்போது லேசாக நுரைக்கும். ஆனால் அது அடங்கிவிடும். திரும்பத் திரும்பக் காய்ந்து கெட்ட எண்ணெயில்தான் நுரை பொடியாக வந்து அடங்காமல் நிற்கும். அது புகைவதும் சீக்கிரம், பண்டத்தைக் கறுக்க வைப்பதும் சீக்கிரம். எங்கள் சட்டியில் நடந்தது இது.

பொரித்த எண்ணெய் கெடக் கெட அதில் சேரும் சேர்மங்களை அளக்கக் கருவி இருக்கிறது. அந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. அப்படிக் கழித்த எண்ணெயை ஓட்டல்களிலிருந்து வாங்கி பயோடீசல் தயாரிக்க அனுப்பும் திட்டமும் அதே ஆண்டு வந்தது. அந்த வழியில் போக வேண்டியது குறுக்கு வழியில் நம் அடுப்புக்கு வந்தால் என்ன ஆகும்? எனக்குப் பெரிய கவலை என் கை இல்லை. அந்தக் கடையில் தினமும் எண்ணெய் வாங்குகிறவர்களில் தெருவோரம் பஜ்ஜி போடும் அக்காக்கள், காலையில் வடை சுட்டு விற்கும் ஆயாக்கள் இருக்கிறார்கள். அகலச் சட்டியில் நாள் முழுக்க எண்ணெய் முன்னால் உட்காருகிறவர்கள் அவர்கள்.

விலையை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நல்ல நிலக்கடலைப் பருப்பை ஆட்டினால் எடையில் சுமார் 40, 45 சதவீதம்தான் எண்ணெய் இறங்கும். ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். நான் விசாரித்தபோது பருப்பு கிலோ 130 ரூபாய் சொன்னார்கள். பருப்புக்கு மட்டுமே 260 ரூபாய்க்குக் குறையாது. பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், கரண்டுக்கும் கூலிக்கும் வாடகைக்கும் மேலே போட்டாக வேண்டும். அந்தக் கடையில் லிட்டர் 190. பெரிய ஆலைக்காரர்கள் கணக்கு வேறு. வாசலில் சின்னச் செக்கு ஓட்டுகிறவருக்கு இந்த விலை எப்படிக் கட்டும்?

பிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், உறைந்தால் கலப்படம் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. அதை நம்பாதீர்கள். அசல் கடலை எண்ணெயும் நல்ல குளிரில் கெட்டிப்படும். பார்க்க வேண்டியது லேபிள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், தயாரித்த தேதி, பேட்ச், முகவரி. 2011 ஆம் ஆண்டு விதிமுறைப்படி மாநில அரசு விலக்கு கொடுத்தால் ஒழிய சமையல் எண்ணெயை டிரம்மிலிருந்து அளந்து சில்லறையாக விற்கவே கூடாது. செக்கு எண்ணெய்தான் வேண்டும் என்றால் நம் பருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஆட்டி முடியும் வரை நின்று வாங்கி வாருங்கள். அப்படி ஆட்டித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நாங்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸப் எண் 94440 42322க்கு கேன், ஸ்டிக்கர், சட்டி, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் அனுப்பினோம். அதிகாரி வந்து கடையிலிருந்தே மாதிரி எடுத்துப் போனார். பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் உதவி எண் 1915லும் புகார் பதிந்திருக்கிறோம். இன்னொரு வழியும் உண்டு. 2006 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். தரமில்லை என்று வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இந்த மாதிரி ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய கேன் உங்கள் வீட்டிலும் இருந்தால், அதில் எதையும் பொரிக்காதீர்கள். சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம். மூடியை இறுக்கி, படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வாட்ஸப் எண்ணுக்கு அனுப்புங்கள். ஒரே கடையைப் பற்றி பத்து பேர் புகார் கொடுத்தால், "உனக்கு வறுக்கத் தெரியவில்லை" என்று பத்து பேரிடமும் அவரால் சொல்ல முடியாது.