சிடி வேஷம் போடும் டாங்கிள்

போன வாரம் ரிச்சி தெருவுக்குப் போய், ஆட்டம் கண்டிருந்த என் 4ஜி டாங்கிளின் (சிம் போட்டு லேப்டாப்பில் செருகும் இணையக் குச்சி) யூஎஸ்பி முனையைச் சால்டர் வைத்து வாங்கி வந்தேன். 150 ரூபாய். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னுமா சார் இதை வச்சிருக்கீங்க? போன்ல ஹாட்ஸ்பாட் போட்டா முடிஞ்சுது" என்றார். அன்று மாலையே அலுவலக நண்பர் ஒருவர், "லினக்ஸ்ல 4ஜி டாங்கிள் ஓடுமா, வாங்கலாமா?" என்று கேட்டார்.

ஓடும். என் லினக்ஸ் மின்ட் லேப்டாப்பில் நாலு வருஷமாக ஓடுகிறது. டிரைவர் தேடி அலைய வேண்டாம், லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் செருகியதும் இது தன்னை மோடம் என்று சொல்லிக்கொள்ளாது. சிடி டிரைவ் என்று சொல்லும். விண்டோஸுக்கான டிரைவரை உள்ளேயே வைத்து, சிடி போலக் காட்டி இன்ஸ்டால் செய்ய வைக்கும் ஏற்பாடு. தனியாகத் தட்டு தர வேண்டியதில்லை, கெட்டிக்காரத்தனம்தான். நமக்கு அந்தச் சிடியால் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை. யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சின்ன நிரல் ஒரு கட்டளை அனுப்பினால்தான் வேஷம் கலைந்து மோடம் வெளியே வரும். செருகியவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைப் போட்டுப் பாருங்கள்: ஐடியில் கோலனுக்கு முன்னால் உள்ள நிறுவன எண் அப்படியே இருக்கும், பின்னால் உள்ள எண் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் இன்னும் சிடிதான். இது தெரியாமல், ஏபிஎன்னை (சிம் நிறுவனத்தின் இணைய இணைப்புப் பெயர்) மாற்றி மாற்றி அடித்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

இப்போது லேப்டாப்பை ஆன் செய்தால் இதெல்லாம் தானாக நடந்துவிடுகிறது. என் தகராறு அது தூங்கி எழும்போதுதான். மூடி வைத்துவிட்டு ஒரு காபி குடித்து வந்து திறந்தால், யூஎஸ்பிக்குக் கரண்ட் போய் வந்ததில் டாங்கிள் பழையபடி சிடி! சில சமயம் தானாகத் திருந்தும், சில சமயம் பிடுங்கிச் செருக வேண்டும். அந்தப் பிடுங்கலில்தான் முனையே ஆட்டம் கண்டது. எழுந்து ஐந்து நொடி கழித்து மோட்ஸ்விட்சை ஓட்டும்படி நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டேன். தொல்லை குறைந்தது, தீரவில்லை. அந்த 150 ரூபாயும் அதன் கணக்கில்தான்.

நடுவில் அறுந்து போவது வேறு கதை. அதற்கு, லினக்ஸில் மோடத்தைக் கவனிக்கும் நிரலான மோடம்மேனேஜரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். (அதுவும் லேசுப்பட்டதில்லை. பையன் எலக்ட்ரானிக்ஸ் பழகும் ஆர்டுயினோ போர்டைச் செருகினால்கூட, இதுவும் மோடமோ என்று நோண்டிப் பார்க்கும்.) கெர்னலின் குறிப்பேடான டிமெசேஜைப் பார்த்தால் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று வரி வரியாக. குற்றவாளி, ஒரு போர்ட்டைப் பலவாக்கும், தனி அடாப்டர் இல்லாத என் மலிவு ஹப். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதே 500 மில்லியாம்பியர். அதில் கீபோர்டும் பென்டிரைவும் பங்கு கேட்டால், டவரைத் தேடித் திணறும் டாங்கிளுக்கு என்ன மிஞ்சும்? நேரடியாக லேப்டாப்பில் செருகினேன், அறுபடுவது நின்றது. மோடம்மேனேஜரிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு 3 மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர். டாங்கிளை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். மோடத்திடம் சிக்னலைக் கேட்கும் ஏடி கட்டளை ஒன்று உண்டு, பதில் 0 முதல் 31 வரை வரும். மேஜையில் 9, ஜன்னலில் 17. ஒரு புள்ளிக்கு 2 டெசிபல் என்றால் 16 டெசிபல் லாபம், ஒரு ஒயருக்கு! போனை இப்படி ஜன்னலில் கட்டித் தொங்கவிட முடியுமா? அதுவும் போன் என்னோடு வெளியே போய்விடும், இது வீட்டிலேயே இருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் நாலாம் நாள் வந்தது, பிராட்பேண்ட் வர ஒன்பது நாள். இடையில் அலுவலக வேலை, மாடி வீட்டு மாமியின் அமெரிக்கப் பேத்தியோடு பேச்சு, எல்லாம் ஜன்னலில் தொங்கிய இந்த டாங்கிளில்தான். அந்த வாரம் ஒரு தடவைகூட அது சிடி வேஷம் போடவில்லை. சத்தியமாக.

சரி, வாங்கலாமா? வேண்டாம். நண்பருக்கு ஆத்திரத்தோடுதான் பதில் அனுப்பினேன். அன்று காலைதான் மீட்டிங் நடுவே குனிந்து பிடுங்கிச் செருகியிருந்தேன். சிம்மிலிருந்து வைஃபை தரும் பாக்கெட் வைஃபை ஒன்று வாங்கி அதே சிம்மைப் போட்டுக்கொள்ளுங்கள், லினக்ஸுக்கு அது வெறும் வைஃபை.

"அப்போ உங்க பழசை எனக்குக் கொடுத்துடுங்க, நான் நோண்டிப் பார்க்கிறேன்" என்றார். டிசம்பர் தாண்டட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.