முல்லைத்தீவு வீதியோர மீன்கடை: சின்ன மீனுக்கு நம்பிப் போகலாம்

புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வழியில் இருக்கிற தகரக் கொட்டில் கடை. பெயர்ப்பலகை கிடையாது. கரைவலை இழுத்த கையோடு மீன் வந்து இறங்கும். அந்த நேரத்துக்குப் போனால் சூடை, கீரி, நெத்தலி எல்லாம் ஐஸ் படாமல் கிடைக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தேன், இரத்தச் சிவப்பு. பிந்திப் போனால் கருவாடுதான். அதிலும் உப்புக் கூட.

மகள் பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறாள். அது கடைக்காரருக்கும் தெரியும். "ரீச்சர், பெரிய சுறா வந்திருக்கு. வறைக்கு வெட்டட்டோ?" என்றார். பலகையில் கிடந்த துண்டு தாம்பாள அகலம். வேண்டாம் என்றேன்.

"எங்கட அம்மாவும் சுறா வறை திண்டுதானே எனக்குப் பால் தந்தவ?"

"அவ திண்டது சின்னப் பால்சுறாவாய் இருக்கும், தம்பி. இது கிழட்டுச் சுறா."

கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார், நானும் சொன்னேன். வருஷக்கணக்காக மற்ற மீன்களைத் தின்று வளரும் சுறாவின் தசையில் மெத்தில் பாதரசம் என்ற நஞ்சு சேர்ந்துகொண்டே போகும். கழுவினாலும் அவித்தாலும் போகாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பால் கொடுப்பவர்களையும் சுறாவே வேண்டாம் என்கிறது. பல்லுள்ள திமிங்கிலங்களின் கதை இன்னும் மோசம். 2016 இல் ஸ்கொட்லாந்தின் டைரீ தீவில் செத்து ஒதுங்கிய லூலு என்ற ஓர்க்காத் திமிங்கிலத்தின் கொழுப்பில், பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பிசிபி என்ற நஞ்சு கிலோவுக்கு 957 மில்லிகிராம் இருந்தது. பாதிப்புத் தொடங்கும் அளவாகக் கொள்வது 9 தான். தாய்த் திமிங்கிலம் தன்னில் சேர்ந்ததில் பெரும்பங்கைப் பாலோடு தலைக்குட்டிக்குக் கொடுத்துவிடும். லூலு குட்டியே ஈனாதது, அவ்வளவும் அதன் உடம்பிலேயே கிடந்தது. திருகோணமலைப் பக்கம் வரும் நீலத் திமிங்கிலம் கூனி மாதிரிப் பொடி இறாலைத் தின்பது, அதில் இந்தளவுக்குச் சேராது.

"அப்ப கீரியே கொண்டுபோங்கோ" என்று நிறுத்துத் தந்தார். பெரிய மீன் விற்றால்தான் அவருக்கு லாபம், ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. அதற்காகவே இந்தக் கடையைச் சொல்கிறேன். கீரியைச் சொதி வைத்தோம், முள்ளோடு சதை கழன்று வந்தது.

குறையும் உண்டு. தராசுத் தட்டில் தண்ணீர் நிற்கும், வடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சின்ன மீன் ஆய்ந்து தரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பல வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை, அதனால் திங்கள் விடியற்காலையில் இருப்பது ஐஸ் மீன்தான். கேட்டால் ஒளிக்காமல் சொல்லுவார்.