ஸ்ப்ரேயா, ஊறலா, வெள்ளிப் பட்டறை மெஷினா: வெபர் கார்புரேட்டரை வீட்டில் கழுவும் வழிகள்

என்னுடையது 1997 மாடல் ஜிப்சி கிங். 1298 சிசி இன்ஜினில் கேம்ஷாஃப்ட் மாற்றி, ஹெட்டிலும் கொஞ்சம் வேலை பார்த்து, கம்பெனி கார்புரேட்டரை (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) எடுத்துவிட்டு, 32, 36 மி.மீ. என இரண்டு தொண்டை உள்ள வெபர் 32/36 போட்ட வண்டி. மழைக்காலம் முழுக்க சேலம் கன்னங்குறிச்சி வீட்டு ஷெட்டிலேயே நின்றது. பொங்கல் முடிந்து ஏற்காடு ஏறினேன். அடிவாரம் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே தெரிந்துவிட்டது. செகண்ட் கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி மூச்சு விடாமல் நின்று, அப்புறம்தான் இழுத்தது. இறங்கும்போது இன்னும் மோசம். காலை எடுத்துவிட்டு, வளைவு முடிந்து லேசாக மிதித்தால் தடுமாறியது. ஸ்லோ, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் தானாக ஓடும் ஓட்டம், நிற்கவே இல்லை.

இவை இரண்டும் வேறு வேறு நோய். திடீரென்று மிதிக்கும்போது திணறினால் ஆக்சிலேட்டர் பம்ப்பின் டயஃப்ரத்தையோ (ரப்பர் சவ்வு) பம்ப் ஜெட்டையோ (பெட்ரோலை அளந்து விடும் பொடித் துளையுள்ள பித்தளைத் துண்டு) பார்க்க வேண்டும். லேசாக மிதிக்கும்போது தடுமாறினால், ஸ்லோ ஜெட்டும் அதிலிருந்து த்ராட்டில் தகட்டின் (மிதித்தால் காற்று வழியைத் திறக்கும் தகடு) ஓரத்துக்குப் போகும் பொடித் துளைகளும் அடைத்திருக்கின்றன. என் வண்டியில் இரண்டும் இருந்தன.

வீட்டில் ஏன் பிரிக்க வேண்டும், பட்டறையில் கொடுத்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு வருடம் முன்பு ஒரு பட்டறையில் கொடுத்தேன். வந்த பிறகு பெட்ரோல் வாசனை போகவே இல்லை. கழற்றிப் பார்த்தால், 55 என்று எண் போட்ட ஸ்லோ ஜெட்டுக்குள் 0.60 மி.மீ. ட்ரில் பிட் வழுவழுவென்று போகிறது. கம்பி விட்டுக் குத்தியிருக்கிறார்கள். வெபர் ஜெட்டில் எண்தான் அளவு. 55 என்றால் 0.55 மி.மீ. துளை. 0.05 மி.மீ. பெரிதானால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துளையின் பரப்பு 19 சதவீதம் கூடிவிடுகிறது. பித்தளை மெத்தென்ற உலோகம், ஸ்டீல் கம்பி அதைத் தின்றுவிடும். ஜெட்டுக்குள் காற்றும் திரவமும் தவிர எதுவும் போகக் கூடாது. இதில் நான் யாரோடும் சமரசத்துக்கு வர மாட்டேன்.

சரி, கழுவும் வழிகளுக்கு வருவோம்.

ஸ்ப்ரே கேன் எல்லோருக்கும் தெரிந்தது. கார்புரேட்டர் கிளீனர் 500 மில்லி கேன் ஐந்து ரோடு பக்கம் எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். பெட்ரோல் காய்ந்து படிந்த மெல்லிய பழுப்புப் பிசின் என்றால் தொட்டவுடன் கரைகிறது. வண்டியிலிருந்து முழுசாக இறக்காமலேயே மேல் மூடியை மட்டும் எடுத்து அடிக்கலாம். வாரா வாரம் ஓடும் வண்டிக்கு இது போதும். ஆனால் திரவம் ஒரு நொடி பட்டு ஓடிவிடுவதால், துளைக்குள் கெட்டியாக உட்கார்ந்ததை அது அசைப்பதில்லை. ஓ-ரிங், டயஃப்ரம் மேல் பட்டால் ரப்பர் உப்பிவிடும். கண்ணாடி போடாமல் அடிக்கவே கூடாது. ஒரு துளையில் அடித்தது எதிர்பாராத இன்னொரு துளை வழியாக நேராகக் கண்ணுக்கு வரும்.

ஊறப் போடுவது அடுத்தது. மண்ணெண்ணெயில் ஊறினால் வெளி ஆயில் பிசுக்கு அருமையாகப் போகும், உள்ளே இருக்கும் பிசினுக்கு அது போதாது. பெட்ரோல் கொஞ்சம் கரைக்கும். தின்னர் நன்றாகவே கரைக்கும், ஆனால் அதன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் சட்டென்று பிடிக்கும். மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோ செய்யலாம், சமையலறைக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. ஓர் இரவு ஊறிய பிறகும் எனக்கு ஒன்று மட்டும் அசையவில்லை: பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறையின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொடி.

அந்தப் பொடி பெட்ரோல் பிசின் அல்ல, உலோக அரிப்பு. இன்றைக்கு பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நின்றால் அந்தத் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, வார்ப்பு உலோகத்தை அரிக்கும். தின்னர் பிசினைக் கரைக்கும், இந்த உப்பைக் கரைக்காது. எலுமிச்சைச் சாற்றிலோ புளித் தண்ணீரிலோ போட்டுக் கொதிக்க வைத்தால் போய்விடும் என்று யோசனை சொன்னார்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது சரி, அது பித்தளை. கார்புரேட்டரின் உடம்பு துத்தநாகமோ அலுமினியமோ கலந்த வார்ப்பு. அமிலம் அழுக்கோடு உலோகத்தையும் சேர்த்துத் தின்னும். த்ராட்டில் தகடு உட்காரும் இடம் அரிக்கப்பட்டால் அந்த கார்புரேட்டர் அவ்வளவுதான்.

மூன்றாவது வழி சேலத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் அல்ட்ராசோனிக் மெஷின் இருக்கிறது. பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பித்தளை பிரஷும் போக முடியாத சந்தில் இருக்கும் பாலிஷ் மண்ணை எடுக்க அதைத்தான் அவர் வைத்திருக்கிறார். கார்புரேட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “கொலுசு முத்துக்குள்ள நிக்கிற அழுக்கே வந்துருது தம்பி, இது வராதா? போட்டுப் பாருங்க” என்றார்.

போட்டோம். ஆனால் அவர் தொட்டியில் இருந்த திரவத்தோடு அல்ல. நகை கழுவும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கும், அது பித்தளை ஜெட்டுக்கு ஆகாது. தொட்டியைக் காலி செய்து, பேட்டரி தண்ணீர் (உப்பில்லாத வடிநீர்) ஊற்றி, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு ஸ்பூன் கலந்தோம். போர் தண்ணீர் என்றால் அதன் உப்பு வேறு உள்ளே படிந்துவிடும். சூடு 55 டிகிரி. இந்த மாதிரி மெஷின் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸில் அதிரும். அந்த அதிர்வில் திரவத்துக்குள் நுண்ணிய குமிழ்கள் உருவாகி உடையும், உடையும் விசையில் அழுக்கு பெயரும். குமிழ் உருவாகத் திரவம் வேண்டும். அதனால் துளைக்குள் காற்று சிக்கியிருந்தால் அந்த இடம் மட்டும் கழுவப்படாது. தொட்டிக்குள் இறக்கியதும் கார்புரேட்டரை நாலு பக்கமும் சாய்த்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். பத்து பத்து நிமிடமாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் திருப்பிப் போட்டோம்.

இரண்டாவது முறையில் அதை நேரில் பார்த்தேன். ஸ்லோ ஜெட் உட்காரும் குழியிலிருந்து சாம்பல் நிறத்தில் மெல்லிய புகை மாதிரி ஒன்று தண்ணீருக்குள் நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஸ்ப்ரேயும் ஓர் இரவு ஊறலும் தொடாத அழுக்கு அது.

இந்த மெஷினிலும் அபாயம் உண்டு. தொட்டியில் பெட்ரோலோ தின்னரோ ஊற்றினால் நெருப்பு. காரம் மிகுந்த சோப்பு போட்டால் வார்ப்பு கறுத்துவிடும். டயஃப்ரம், மிதவை, ரப்பர் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிட வேண்டும். 32/36-இல் மேல் மூடிக்கு அடியில் மூன்று திருகில் நிற்கும் பவர் வால்வு டயஃப்ரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடுத்த உடனே சுடுதண்ணீரில் அலசி, ஏர் பிரஷரில் ஒவ்வொரு துளையையும் ஊதிக் காயவைக்காவிட்டால் மறுநாளே புது வெள்ளைப் பொடி வந்துவிடும்.

ஆகவே என் தேர்வு: ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு ஸ்ப்ரே, ஆயில் பிசுக்கேறிய கார்புரேட்டருக்கு முதலில் மண்ணெண்ணெய், மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு அல்ட்ராசோனிக் மட்டுமே. அதற்குப் பிறகும் ஸ்ப்ரே கேன் வேண்டும், கழுவ அல்ல, சோதிக்க. ஸ்லோ ஜெட் குழியில் குழாயை வைத்து அடித்தால் த்ராட்டில் ஓரத்துத் துளைகள் எல்லாவற்றிலும் திரவம் எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றில் வராவிட்டாலும் மறுபடி தொட்டிதான்.

பிரித்தால் மாற்ற வேண்டிய கேஸ்கெட், டயஃப்ரம், ஊசி வால்வு (மிதவை உயர்ந்ததும் பெட்ரோலை நிறுத்துவது) அடங்கிய கிட் விஷயத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். அட்டையில் வெட்டிய கேஸ்கெட் மேல் மூடிக்கு ஓரளவு தாங்கும், டயஃப்ரத்துக்கும் ஊசி வால்வுக்கும் அப்படி மாற்று கிடையாது. எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு தொண்டைக்கும் ஜெட் வேறு வேறு அளவு என்பதால், கழற்றும்போதே பழைய அஞ்சறைப் பெட்டியில் 32 பக்கத்து ஜெட்டுகளை ஒரு கிண்ணத்திலும் 36 பக்கத்து ஜெட்டுகளை இன்னொன்றிலும் போட்டேன். மாட்டும்போது மிதவை உயரம்: பித்தளை மிதவைக்கு 41 மி.மீ., பிளாஸ்டிக்குக்கு 35. மூடியைச் செங்குத்தாகப் பிடித்து, ஊசியின் சின்னக் குண்டு அமுங்காமல் மிதவையின் நாக்கு தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் அழுத்தம் 3.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் எவ்வளவு நல்ல ஊசியும் கசியும்.

ஸ்லோவில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் திருகை மென்மையாக அடிவரை திருகி, இரண்டு சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்தேன். ஸ்லோ நின்றது. ஒன்றே முக்கால் சுற்றில் இன்ஜின் மிகச் சீராக ஓடியது.

மறுநாள் காலை ஏற்காடு. இருபது வளைவிலும் திணறல் இல்லை. ஏரிக்கரையில் நிறுத்தியபோது மட்டும் ஸ்லோ கொஞ்சம் கனத்து ஓடியது. இதை அழுக்கு என்று நினைத்து மறுபடி பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர்; மேலே காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கும் மேல் குறைகிறது, ஜெட் மட்டும் அதே ஜெட். அதனால் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. மிக்ஸ்சர் திருகைக் கால் சுற்று உள்ளே திருப்பினேன், சரியாகிவிட்டது. இறங்குவதற்கு முன் மறக்காமல் அதே கால் சுற்றை வெளியே எடுத்தேன்.