பீமை வெட்டுவதா, போல்ட் போடுவதா? நிலநடுக்கப் பகுதியில் எஃகு மூட்டுகள்

1994 ஜனவரி 17 அதிகாலை 4:31க்கு லாஸ் ஏஞ்சலிஸை உலுக்கிய நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், பீமையும் தூணையும் வெல்டிங்கால் இணைத்த எஃகுச் சட்டகக் கட்டடம் எதுவும் இடிந்து விழவில்லை. பொறியாளர்களுக்கு முதலில் நிம்மதி. அப்புறம் தீத்தடுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தால், பீமும் தூணும் சேரும் இடத்தில் விரிசல். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் இதே நிலை. ஒரு மாடிக் கட்டடத்திலிருந்து 26 மாடி வரை, முப்பது வருடப் பழசிலிருந்து அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது வரை எல்லா வகையும் அதில் இருந்தன.

அந்தப் பழைய மூட்டு எளிமையானது. பீமின் மேலும் கீழும் உள்ள அகலப் பட்டைகளான ஃபிளேஞ்சுகளைச் சைட்டிலேயே தூணோடு வெல்டிங் செய்வார்கள். நடுவில் அவற்றை இணைக்கும் செங்குத்துத் தகடான 'வெப்'பை போல்ட்டால் பிடிப்பார்கள். சிக்கல் பெரும்பாலும் கீழ் ஃபிளேஞ்சில். வெல்டர் பீமின் மேலே உட்கார்ந்து, குனிந்து கீழே வெல்டிங் போட வேண்டும். வெப் குறுக்கே நிற்பதால் நடுவில் நிறுத்தி, மறுபக்கம் போய்த் தொடர வேண்டும். குறை சேர்வதும் அங்கேதான், அல்ட்ராசானிக் சோதனை சரியாக எட்டாததும் அங்கேதான். உருகிய உலோகம் வழியாமலிருக்க அடியில் வைத்த பேக்கிங் பட்டையை எடுக்காமல் விட்டதால் அது தயாரான விரிசல் வாய் போல நின்றது. அன்று பரவலாக இருந்த இ70டி-4 வெல்டிங் கம்பி வேகமாக நிரப்பும். ஆனால் விரிசல் ஓடாமல் தடுக்கும் வலு அதற்கு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. போதாததற்கு, ஆலையிலிருந்து வந்த எஃகு விதியில் எழுதியதைவிட வலுவாக இருந்தது. வலு கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். பீம் வளைய மறுத்தால் அந்த விசை முழுவதும் வெல்டிங் மேல்தான் போய் விழும்.

இன்னொன்று. இந்த மூட்டை நம்பலாம் என்று சொன்ன 1970 வாக்கிலான பெர்க்லி சோதனைகள், 24 அங்குல ஆழத்துக்குள் அடங்கும் பீம்களில் நடந்தவை. அதற்குப் பிறகு செலவைக் குறைக்க, கட்டடத்தில் சில வரிசைகளை மட்டும் நிலநடுக்கத்துக்கென ஒதுக்கி, 36 அங்குல பீம்களைப் போட ஆரம்பித்தார்கள். சின்ன பீமில் தேறியது பெரிய பீமிலும் தேறும் என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை.

அதன் பிறகு நடந்த பெரிய ஆய்வின் பலனாக 2000ல் அமெரிக்க அவசரகால மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வழிகாட்டி, ஃபெமா 350 வந்தது. இன்று அமெரிக்காவில் எஃகுக் கட்டுமான அமைப்பான ஏஐஎஸ்சியின் 358 என்ற விதித்தொகுப்பு அனுமதிக்கப்பட்ட மூட்டுகளின் பட்டியலைத் தருகிறது. தேர்வு கடினமானது. ஒரு மாடி 0.04 ரேடியன் சாயும் அளவுக்கு முன்னும் பின்னும் ஆட்டிய பிறகும், பீமின் முழு வளைவு வலுவில் 80 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். 3.5 மீட்டர் உயர மாடிக்கு அது 14 செ.மீ. சாய்வு. இந்தியாவின் எஃகுக் கட்டுமான விதி ஐஎஸ் 800:2007லும், நிலநடுக்கத்தில் நன்றாக வளைந்துகொடுக்க வடிவமைக்கும் 'சிறப்பு'ச் சட்டகங்களுக்கு இதே 0.04 உண்டு. இதில் தேறியவற்றில் அதிகம் மோதிக்கொள்பவை இரண்டு.

முதலாவது, ஆர்பிஎஸ், அதாவது ஓரிடத்தில் மெலிதாக்கிய பீம். 'நாய் எலும்பு' என்று செல்லப்பெயர். தூணிலிருந்து சற்றுத் தள்ளி, பீமின் இரு ஃபிளேஞ்சுகளிலும் இருபுறமும் வட்டவில் வடிவில் சதையைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். அகலத்தில் அதிகபட்சம் பாதி வரை. நில அதிர்வில் பீம் அந்த மெலிந்த இடத்தில் வளையும், தூண் முகத்து வெல்டிங்குக்குப் போகும் சுமை குறையும். வீட்டு ஃபியூஸ் மாதிரிதான், நாமே ஓர் இடத்தைப் பலவீனமாக்கி வைக்கிறோம். இந்த யோசனையின் காப்புரிமை ஐரோப்பாவின் ஆர்பெட் எஃகு நிறுவனத்திடம் இருந்தது. நார்த்ரிட்ஜுக்குப் பிறகு அமெரிக்காவில் எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுக்கொடுத்தார்கள். பட்டறையில் கேஸ் கட்டிங் செய்து, விளிம்பை கிரைண்டரால் வழவழப்பாக்கினால் வேலை முடிந்தது. கூடுதல் தகடு, கூடுதல் போல்ட் எதுவும் வேண்டாம். இவ்வளவு மலிவான தீர்வு இந்தத் துறையில் அபூர்வம்.

இரண்டாவது, நீட்டிய எண்ட் பிளேட். பீமின் முனையில் அதன் ஆழத்தைவிட நீளமான தடித்த தகட்டைப் பட்டறையிலேயே வெல்டிங் செய்து அனுப்புவார்கள். சைட்டில் அதைத் தூணோடு உயர்வலு போல்ட்டுகளால் இறுக்குவதோடு சரி. ஒவ்வொரு ஃபிளேஞ்சுக்கும் நான்கு போல்ட், பெரிய பீமென்றால் எட்டு.

வெல்டிங்கை வைத்துப் பார்த்தால் எண்ட் பிளேட்டுக்குத்தான் என் ஓட்டு. நாய் எலும்பு சுமையைக் குறைக்கிறதே தவிர, சைட் வெல்டிங்கை ஒழிப்பதில்லை. கீழ் பேக்கிங் பட்டையை எடுத்து, வெல்டிங்கின் அடிப்பகுதியைத் தோண்டிச் சுத்தம் செய்து மறுபடி வெல்டிங் போடுவது, வலுவுக்குச் சான்று உள்ள கம்பியை மட்டும் பயன்படுத்துவது என்று எல்லா ஒழுங்கும் அங்கேயும் வேண்டும். உயரத்தில், காற்றில் அதைச் செய்து முடிக்கும் வெல்டரும், பார்த்துச் சொல்லும் இன்ஸ்பெக்டரும் இல்லாத ஊரில் நாய் எலும்பு வெறும் படத்தில்தான் பாதுகாப்பு.

ஆனால் எண்ட் பிளேட் அளவுப் பிழையை மன்னிக்காது. தூணின் ஆழத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம், பீமின் நீளத்தில் கொஞ்சம் என்று சேர்ந்தால் துளைகள் பொருந்தாது. இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் தகடு சொருகித்தான் சமாளிக்க வேண்டும். தகட்டை மெலிதாக்கினால் அது வளைந்து, நெம்புகோல் போலப் போல்ட்டை இழுக்கும். போல்ட் அறுவது எச்சரிக்கையில்லாமல் நடக்கும் முறிவு, அதனால்தான் தகட்டைத் தடிமனாக வைத்து வளைவைப் பீமுக்கே தள்ளுகிறார்கள். கான்கிரீட் தளமும் இடைஞ்சல் தரும். சிறப்புச் சட்டகங்களில் தூணைச் சுற்றி சுமார் 25 மி.மீ. இடைவெளி விடச் சொல்கிறது ஏஐஎஸ்சி. விடாவிட்டால் தளமும் பீமோடு சேர்ந்து வேலை செய்து, கணக்கில் இல்லாத விசையைக் கீழ் போல்ட்டுகளுக்கு அனுப்பும்.

நாய் எலும்பின் விலை வேறு இடத்தில். செதுக்கியதால் சட்டகத்தின் விறைப்பு குறைந்து சாய்வு 10 சதவீதம் வரை கூடலாம். உயரமான கட்டடத்தில் பீம் அளவைத் தீர்மானிப்பதே சாய்வுதான் என்பதால், சேமித்த பணம் கனமான பீமில் போய்விடக்கூடும். செதுக்கிய பகுதியில் ஏசி டக்ட்காரர் கிளாம்ப் ஒன்றை வெல்டிங் செய்துவிட்டாலும் கதை கெட்டது. அதற்காகவே அதைத் தொடக்கூடாத பகுதியாகக் குறிக்கிறார்கள். இருந்தும், நல்ல வெல்டர் கிடைக்கும் ஊரில் பெரிய பீம்களுக்கு நான் நாய் எலும்பைத்தான் எடுப்பேன்.

நார்த்ரிட்ஜுக்குப் பின் உடனே பிரபலமான கவர் பிளேட், இன்று யாரும் விரும்பாதது. ஃபிளேஞ்சின் மேல் தகடு சேர்த்துத் தடிமனாக்கினால், வெல்டிங்கும் தடித்து அதன் சிக்கலும் தடித்தது. சில மாதிரிகள் ஆய்வகத்திலேயே முறிந்தன.

ஜப்பான் வேறு பாதையில் போனது. நார்த்ரிட்ஜுக்குச் சரியாக ஒரு வருடம் கழித்து, 1995 ஜனவரி 17, கோபே நிலநடுக்கம். அங்கே சதுரக் குழாய்த் தூண்களில் பட்டறையிலேயே குட்டை பீம்களை வெல்டிங் செய்து, மரக்கிளை விரித்த மாதிரி சைட்டுக்கு அனுப்புவது வழக்கம். மீதிப் பீமைத் தூணிலிருந்து தள்ளி போல்ட்டால் சேர்ப்பார்கள். கோபேயில் அவையும் முறிந்தன, ஆனால் பல இடங்களில் பீம் நன்றாக வளைந்த பிறகே. முறிவு தொடங்கியது வெல்டிங்குக்காக வெப்பில் வெட்டிய துளையின் ஓரத்தில். அதனால் துளையே இல்லாத வெல்டிங் முறைக்குப் பலர் மாறினார்கள். ஜப்பானில் ஏறக்குறைய எல்லாச் சந்திப்புமே விறைப்பு மூட்டு என்பதால் ஒன்று போனாலும் தாங்க மற்றவை உண்டு. லாரியில் இடத்தை அடைக்கும் அந்தக் கிளைத் தூண்களின் போக்குவரத்துச் செலவை அமெரிக்க ஒப்பந்ததாரர்கள் ஏற்பார்களா என்பது வேறு.

இதுவரை சொன்ன எல்லாமே பீமைப் பலி கொடுப்பவை. நியூசிலாந்தின் சறுக்கு மூட்டு அதையும் தவிர்க்கப் பார்க்கிறது. மேல் ஃபிளேஞ்ச் சுழல்மையமாக நிற்க, கீழே நீள்துளைகளில் போல்ட் இறுக்கிய தகடுகள் உரசிச் சறுக்கும். உராய்வே ஆற்றலை விழுங்கிவிடும். வெலிங்டனில் டெ புனி மாணவர் விடுதியில் இதைப் பயன்படுத்தினார்கள். சறுக்கியபின் போல்ட் இறுக்கம் தளர்வதுதான் இதன் தலைவலி. மருத்துவமனை மாதிரி மறுநாளே திறக்க வேண்டிய கட்டடத்துக்கு இதைப் பரிசீலிக்கலாம், குடோனுக்கு வேண்டாம்.

ஏற்கெனவே நிற்கும் பழைய கட்டடத்தைச் சீர்செய்வதென்றால் வரிசை மாறிவிடும். கான்கிரீட் தளத்தை உடைக்க யாரும் விரும்பாததால், கீழ் ஃபிளேஞ்சை மட்டும் செதுக்கி, மேல் வெல்டிங்கைப் பழையபடி விட்டுப் பார்த்தார்கள். மேல் வெல்டிங் முறிந்த மாதிரிகள் உண்டு. பீமின் அடியில் முக்கோணமாகத் தாங்குகட்டை வெல்டிங் செய்வது செலவானது, கூரைக்கடியில் இடத்தையும் தின்னும். ஆனால் மேல் வெல்டிங்கைத் தொடாமலே நன்றாகத் தேறியது அதுதான்.