ஃபாஸ்டரா, ராபர்ட்சனா? ஆல் பிளாக்ஸின் 2019 தேர்வு

2019 ரக்பி உலகக் கோப்பை அரையிறுதியில் ‘ஆல் பிளாக்ஸ்’ எனப்படும் நியூசிலாந்து அணி இங்கிலாந்திடம் 7-19 எனத் தோற்ற பிறகு, தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஹேன்சன் விலகினார். நியூசிலாந்து ரக்பி அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் யார் என்ற கேள்வி இருவரிடம் வந்து நின்றது.

இயன் ஃபாஸ்டர் 2012 முதல் அதே அணியின் துணைப் பயிற்சியாளர். 2015 உலகக் கோப்பை வெற்றியில் அவருக்கும் பங்குண்டு. வீரர்களின் பலமும் பலவீனமும் அவருக்கு அத்துப்படி. ஆனால் தலைமைப் பொறுப்பில் அவர் என்ன சாதித்தார்? பல நாடுகளின் வட்டார அணிகள் மோதும் சூப்பர் ரக்பி தொடரில் எட்டுப் பருவங்கள் சீஃப்ஸ் அணியை வழிநடத்தியும் பட்டம் இல்லை. 2009 இறுதிப் போட்டியில் புல்ஸ் அணியிடம் 17-61 எனப் படுதோல்வி.

ஸ்காட் ராபர்ட்சன் க்ரூசேடர்ஸ் அணிக்கு 2017, 2018, 2019 என மூன்று ஆண்டுகளிலும் சூப்பர் ரக்பி பட்டம் பெற்றுத் தந்தவர். ஒவ்வொரு பட்டத்துக்கும் மைதானத்திலேயே பிரேக் டான்ஸ் ஆடுவார். அந்த உற்சாகம் வீரர்களையும் தொற்றிக்கொள்ளும். சர்வதேச அனுபவம் போதாது என்பதே அவர்மீது சொல்லப்பட்ட குறை. 2015 இல் இருபது வயதுக்குட்பட்டோர் அணியை உலகச் சாம்பியனாக்கியவரை அப்படி ஒதுக்கியது எனக்கு இன்றும் ஏற்புடையதல்ல.

நியூசிலாந்து ரக்பி வாரியம் ஃபாஸ்டரைத் தேர்ந்தெடுத்தது. 2022 இல் சொந்த மண்ணில் அயர்லாந்திடம் தொடரை இழந்தார். ஆனால் 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், பெரும்பகுதி நேரம் 15 பேருக்குப் பதில் 14 பேருடன் ஆடியும் தென்னாப்பிரிக்காவிடம் ஒரே புள்ளியில்தான், 11-12 எனத் தோற்றார். அந்த உறுதியை மனமாரப் பாராட்டுகிறேன். அதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச்சில், அடுத்த பயிற்சியாளராக ராபர்ட்சனை வாரியம் அறிவித்துவிட்டிருந்தது.