புறக்கோட்டையில் ட்ராம் வண்டியைத் தேடி

கொழும்பின் பொதுப் போக்குவரத்து வரலாற்றைப் பார்க்க விரும்பி வருபவர்கள், லண்டனின் கொவென்ட் கார்டனில் உள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருப்பதைப்போல எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல் வருவது நல்லது. புகையிரத அருங்காட்சியகம் 2009இல் மருதானையின் பழைய டெர்மினஸ் நிலையத்தில் திறக்கப்பட்டு, இலங்கைப் புகையிரதத்தின் 150ஆவது ஆண்டையொட்டி 2014 டிசம்பரில் கண்டிக்கு அருகிலுள்ள கடுகண்ணாவைக்குப் போய்விட்டது. ஆகவே நானும் மகனும் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குச் சென்றோம்.

அங்குள்ள பழைய நகர மண்டபம் 1873ஆம் ஆண்டுக் கட்டடம். முன்பு நகரத்தின் நிருவாகம் இங்கிருந்தே நடந்தது; மாநகர சபைக்கு 1928இல் கறுவாத்தோட்டத்தில் புதிய மண்டபம் கட்டப்பட்டது. அருகிலுள்ள இரும்புத் தூண் கொட்டகையில் நீராவி வீதி உருளைகளும் நடமாடும் நூலக வண்டியும் நிற்கின்றன. உருளையின் கொதிகலன்மீது வரிசையாக அறையப்பட்ட ஆணித்தலைகளை மகன் விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பெரும்பாலும் இவை வீதியை அமைத்த இயந்திரங்களே. அந்த வீதியில் ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டிகளின் கதையை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கதை சுவையானது. பௌஸ்டெட் சகோதரர்கள் கம்பெனி 1899இல் தொடங்கிய மின்சார ட்ராம், கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஒரு பாதையிலும், மருதானை வழியே பொரளைக்கு இன்னொரு பாதையிலும் ஓடியது. 1929இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடந்த ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது மருதானைப் பொலிஸ் நிலையத்தருகே துப்பாக்கிச் சூடு நடந்தது. 1944இல் மாநகர சபை ட்ராமைப் பொறுப்பேற்றது. 1953இல், தண்டவாளமில்லாமல் மேலேயுள்ள மின்கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் ட்ரொலி பஸ் வந்தது. 1960இல் ட்ராமும் 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றுபோயின. பிரதான வீதியில் மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்திருந்த முதிய கடைக்காரர் ஒருவர், “மணி அடிச்சிக்கிட்டே வரும் தம்பி, சின்னப் புள்ளையில நாங்க ஓடிப்போய்த் தொத்திக்குவம்” என்றார். எந்த விளக்கப் பலகையும் அன்று எனக்கு இவ்வளவு உதவவில்லை.

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பெனிகளை அரசுடைமையாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ்களை அது வாங்கிக் கொழும்பு வீதிகளில் ஓடவிட்டது. நாம் இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் பார்க்கும் வண்டிகளின் உடன்பிறப்புகளில் நம் பெற்றோர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பது மகனுக்கு நம்பமுடியாத செய்தியாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், சில்லறை வைத்திருங்கள். திரும்பும்போது ஏறிய தனியார் பஸ்ஸில் மிச்சக் காசு கேட்டுக் கேட்டு, இறங்கும் இடமே வந்துவிட்டது. முன்னிருக்கை மதகுருமாருக்கு உரியது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடுகண்ணாவைக்குப் போகிறவர்கள் கோட்டையிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதத்தில் போகலாம். ஆனால் அந்த வண்டி கடுகண்ணாவையில் நிற்குமா என்று கேட்டபிறகே பயணச்சீட்டு வாங்குங்கள்.