கல்யாண மண்டபத்தில் எந்தப் போர்? மினியேச்சர் ஆட்டங்கள், ஓர் ஒப்பீட்டு அலசல்

பெரம்பூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று எந்தப் பக்கம் கேமிங் சந்திப்பு வைத்தாலும் நம் கைக்கு எட்டுகிற இடம் ஒரு கல்யாண மண்டபம்தான். முகூர்த்தம் இல்லாத சனி, ஞாயிறாகப் பார்த்து எடுத்தால் வாடகை கட்டுப்படியாகும். போர்டு கேம், கார்டு கேம், கேரம் எல்லாம் பெரிய ஹாலைப் பிடித்துக்கொண்ட பிறகு, சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலை மினியேச்சர் ஆட்களுக்குக் கிடைக்கும். அந்த மூலையில் எந்த ஆட்டத்தைப் போடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள், ராத்திரி பதினொரு மணி வரை சண்டை ஓடும். யாருடைய அலமாரியில் எது இருக்கிறதோ, அவருக்கு அதுவே உலகத்தில் சிறந்த ஆட்டம்.

புதிதாக வருகிறவர்களுக்கு: இந்த ஆட்டங்களில் கட்டம் போட்ட பலகை கிடையாது. இரண்டு விரல் உயரப் பொம்மை வீரர்களுக்குப் பெயின்ட் அடித்து, மேடு, மரம், இடிந்த கட்டடம் எல்லாம் வைத்த மேஜையில் அளவு நாடாவால் அங்குலம் அளந்து நகர்த்துவோம். சுடுவதும் வெட்டுவதும் டைஸ் உருட்டித்தான்.

எந்த ஆட்டத்தின் விதி ஆழமானது என்று பேச ஆரம்பித்தால் பேச்சு முடியவே முடியாது. சந்திப்புக்கு எது பொருந்தும் என்பதற்கு நான் பார்ப்பது இரண்டே விஷயம்தான். முன்பின் தெரியாத ஒருவர் நடுவில் வந்து சேர முடியுமா? வந்தவர் எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டும்? வடசென்னையில் இந்த இரண்டாவது கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் தொடங்கி, 2024 உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா வரை கேரம் உலகத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் இது. தெருமுனை கேரம் போர்டைச் சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு நின்று பார்க்கவும் தெரியும், அபிப்பிராயம் சொல்லவும் தெரியும். ஆனால் ஸ்ட்ரைக்கர் கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவரே அரை மணி நேரம் ஆடினால் கூட்டம் கலைந்துவிடும்.

இந்த அளவுகோலில் முதலில் அடிவாங்குவது வார்ஹாமர் 40,000. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் ஒர்க்ஷாப் 1987-ல் கொண்டுவந்த விண்வெளிப் போர் ஆட்டம். இந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பெயராவது தெரிந்திருப்பது இது ஒன்றுதான். முழு அளவு ஆட்டம் என்றால் ஆளுக்கு 2000 பாயின்ட் படை (ஒவ்வொரு வீரர் குழுவுக்கும் பலத்துக்கு ஏற்ப இத்தனை பாயின்ட் என்று கணக்கு), 60-க்கு 44 அங்குல மேஜை, ஐந்து ரவுண்ட். பழகிய கைகளுக்கே மூன்று மணி நேரம் ஆகும். 2023-ல் வந்த பத்தாம் பதிப்பு விதிகளைச் சுருக்கியது உண்மைதான். ஆனாலும் என் முறை வந்தால் என் மொத்தப் படையும் நகரும், சுடும், பாயும், வெட்டும். எதிராளி அதுவரை தற்காப்பு டைஸ் உருட்டிக்கொண்டு, செத்த பொம்மைகளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு நிற்பார். வேடிக்கை பார்க்க வந்தவர் அதற்குள் பஜ்ஜி ஸ்டாலுக்குப் போய்த் திரும்பி வந்திருப்பார், அல்லது திரும்பியே வந்திருக்க மாட்டார்.

மேஜையும் ஒரு சிக்கல். மண்டபத்துச் சாப்பாட்டு மேஜை ஓர் இலை போடுகிற அகலம்தான், ஒன்றரை அடிக்கு மேல் தேறாது. மூன்று மேஜைகளை ஒட்டிப் போட்டால் 44 அங்குலம் கிடைத்துவிடும். ஆனால் நடுவில் இரண்டு இடைவெளி விழும், ஒரு மேஜை மற்றதைவிட அரை விரல் உயரமாக இருக்கும், மேலே விரிக்கும் பாய் அந்த இடத்தில் பள்ளம் தட்டும். குட்டி பேஸில், அதாவது அடித்தட்டில், நிற்கிற வீரன் அங்கே கண்டிப்பாகச் சாய்வான். எட்டு மி.மீ. எம்.டி.எஃப். பலகை இரண்டு வாங்கி மேலே போட்டால் தீரும், பலகையைக் கொண்டுவர ஒரு குட்டி யானை வண்டி வேண்டும்.

அழகில் இதை அடிக்க ஆளில்லை, அதையும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் பெயின்ட் அடித்த ஒரு படை விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நிற்கும்போது, அந்தப் பக்கம் போகிற யாரும் போனை எடுக்காமல் போவதில்லை. அதே கம்பெனி காம்பாட் பேட்ரோல் என்று ஒரு சின்ன வடிவமும் வைத்திருக்கிறது. ஒரு பெட்டியில் வருவதுதான் படை, அதற்கு மேல் கணக்குப் போட வேண்டாம், மேஜையும் 44-க்கு 30 அங்குலம் போதும். 40,000 பிரியர்கள் அடம்பிடித்தால் இதை ஒத்துக்கொள்ளலாம்.

கில் டீம் அதே உலகம், அதே பொம்மைகள், ஆனால் ஒரு பக்கத்துக்கு அரை டஜனிலிருந்து ஒரு டஜனை ஒட்டிய ஆட்கள்தான். மேஜை 30-க்கு 22 அங்குலம், அதாவது இரண்டு சாப்பாட்டு மேஜை. உன் ஆள் ஒன்று, என் ஆள் ஒன்று என்று மாறி மாறி இயங்கும் ஆட்டம், நாலு சுற்றில் முடிந்துவிடும். காகிதத்தில் பார்த்தால் நம் கூட்டத்துக்குச் செய்து வைத்த மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு வீரனுக்கும் தனித் திறமை, தனி ஆயுதம், தனி விதிவிலக்கு. பதுங்கியிருக்கிறானா, சண்டைக்குத் தயாரா என்று ஒவ்வொருவன் பக்கத்திலும் ஓர் அட்டைத் துண்டு வைக்க வேண்டும். மண்டபத்து ஸ்டாண்டு ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றினால் அந்தத் துண்டுகள் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விதி தெரிந்த இரண்டு பேர் மோத இதைவிடக் கூர்மையான ஆட்டம் இந்தப் பட்டியலில் இல்லை. புதியவரை உட்காரவைத்தால் முதல் அரை மணி நேரம் பாடம் எடுப்பதிலேயே போய்விடும்.

என் ஓட்டு போல்ட் ஆக்‌ஷனுக்கு. வார்லார்ட் கேம்ஸ் 2012-ல் வெளியிட்ட இரண்டாம் உலகப் போர் ஆட்டம், 28 மி.மீ. பொம்மைகள், மூன்றாம் பதிப்பு 2024-ல் வந்தது. இதன் உயிர்நாடி ஒரு பை. ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது சேர்ந்து இயங்கும் குழுவுக்கும், ஒரு டைஸ், இரண்டு தரப்புக்கும் இரண்டு நிறம், எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். எந்த நிறம் வருகிறதோ அந்தத் தரப்பு ஒரு யூனிட்டுக்கு உத்தரவு தரும். டைஸின் ஆறு பக்கமும் ஆறு உத்தரவு: சுடு, நகர்ந்து சுடு, ஓடு, காத்திருந்து சுடு, தெம்பு கூட்டு, படுத்துக்கொள். உத்தரவு கொடுத்த பிறகு அந்த டைஸையே யூனிட் பக்கத்தில் வைத்துவிடுவதால் அடையாள அட்டை வேறு தேவையில்லை, ஃபேன் காற்றில் பறக்கவும் பறக்காது.

யார் முறை என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாததால் கூட்டம் மேஜையை விட்டு நகராது. பைக்குப் பதில் ஏதோ ஒரு விசேஷத்தில் கொடுத்த தாம்பூலப் பையைப் பயன்படுத்தினால், பழைய எழுத்து கலைந்த அந்த மஞ்சள் துணிக்குள் டைஸ்கள் உரசுகிற சத்தத்துக்கே சின்னப் பசங்கள் வந்து நிற்பார்கள். “இது இன்னா கேம்ண்ணா? நானும் ஒண்ணு எடுக்கலாமா?” என்று கேட்டால் எடுக்கச் சொல்லிவிடலாம். அவன் ஆட்டத்துக்குள் வந்தாயிற்று. விதி எதுவும் தெரியாமலே இரண்டு படையின் தலைவிதியையும் அவன் கை தீர்மானிக்கிறது. அடுத்த சுற்றில் அவனுக்கே ஒரு யூனிட்டைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆறு பேர் ஒரு தரப்பு என்றாலும் ஆட்டம் தாங்கும். டைஸ் உருட்டத் தாம்பாளம் வைத்தால் மேஜையில் இருக்கிற வீடுகள் தப்பிக்கும்.

களம் எது என்பதும் இங்கே முக்கியம். நார்மண்டி கடற்கரை எல்லாருக்கும் அலுத்துவிட்டது. பர்மா எல்லைப் பக்கம் ஜப்பானியர்களும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் மோதிய 1944 கோஹிமாவைப் போடலாம். டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் கோர்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை என்று நெருக்கமாக நடந்த சண்டை. மேஜைக்கு வேண்டியது ஒரு கோர்ட், ஒரு பங்களா, கொஞ்சம் சரிவு, அவ்வளவுதான். தெர்மோகோலும் பந்திக்கு விரிக்கிற பேப்பர் ரோலும் பாதி வேலையை முடித்துவிடும். பாரிமுனையில் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கிற, பர்மா பஜார் இருக்கிற ஊருக்கு அந்தப் போர்முனை அந்நியமானது கிடையாது. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களில் யாராவது அந்த மேஜை முன்னால் நின்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கதை கேட்பது உத்தமம்.

இதிலேயே ஒரு கத்தியும் இருக்கிறது. இம்பால் பக்கம் ஜப்பானியர்களோடு சேர்ந்து வந்தது இந்திய தேசிய ராணுவம். அதில் மலேயா, பர்மாத் தமிழர்கள் ஏராளம். எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் இந்திய ராணுவம், அதிலும் நம் ஆட்கள்தான். மேஜையைச் சுற்றி நிற்கிறவர்களில் ஒருவருடைய தாத்தா இந்தப் பக்கமும் இன்னொருவருடைய தாத்தா அந்தப் பக்கமும் இருந்திருக்கலாம். அதனால் யார் நல்லவன் கெட்டவன் என்ற கிண்டல் பேச்சு வேண்டாம், இரு தரப்பைப் பற்றியும் நாலு வரி எழுதி மேஜை ஓரத்தில் ஒட்டினால் போதும். இன்னொன்றையும் கறாராகச் சொல்லிவிடுகிறேன்: ஹிட்லரின் எஸ்.எஸ். படையைக் கறுப்புச் சீருடையும் சின்னமுமாகப் பெயின்ட் அடித்துக் கொண்டுவருகிறவருக்கு, குழந்தைகள் சுற்றுகிற மண்டபத்தில் நான் இடம் தர மாட்டேன். விண்வெளி ஆட்டங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, அது அவற்றுக்கு ஒரு பாயின்ட்.

காசு என்று வந்தால் ஒன் பேஜ் ரூல்ஸ் முன்னால் நிற்கும். கிரிம்டார்க் ஃப்யூச்சர் என்ற அவர்களுடைய விண்வெளி ஆட்டத்தின் அடிப்படை விதிகள் இலவசம், படை கணக்குப் போடும் தளமும் இலவசம். எந்தக் கம்பெனி பொம்மை என்று கேட்கவே மாட்டார்கள். வார்ஹாமர் பொம்மை, வீட்டு ரெசின் 3டி பிரின்டரில் எடுத்தது, பாரிமுனை மொத்தக் கடையில் பாக்கெட்டாக வாங்கிய பச்சை பிளாஸ்டிக் சிப்பாய் எல்லாம் ஒரே மேஜையில் நிற்கலாம். யூனிட்டுக்கு இரண்டே எண், ஒன்று திறமைக்கு, ஒன்று தற்காப்புக்கு. இதுவும் மாறி மாறி ஆடுவது, நாலு ரவுண்டில் முடிவது. பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். குறை என்னவென்றால், எல்லாப் படையும் கொஞ்ச நேரத்தில் ஒரே ருசியாகிவிடும். ரசித்து ஆடுகிறவருக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே அது தெரிந்துவிடும். முதல் முறை வருகிறவருக்குத் தெரியாது, சந்திப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் முறை வருகிறவர்கள்தானே.

ஃப்ராஸ்ட்கிரேவ் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2015-ல் வந்த, மந்திரவாதியும் கூலிப்படையும் புதையல் தேடுகிற ஆட்டம், மூன்றடிக்கு மூன்றடி மேஜை, நான்கு பேர் வரை ஆடலாம். நல்ல ஆட்டம்தான். ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் மந்திரவாதி வளர்வதில்தான் அதன் ருசி, ஒரே நாளில் வந்து போகிறவருக்கு அது கிடைக்காது.

போட்டி நடத்த வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டி.பி.ஏ. (டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்) தான். ஃபில் பார்க்கரின் குழு 1990-ல் கொண்டுவந்தது. பழங்கால, இடைக்காலப் போர்கள், ஒரு தரப்புக்குப் பன்னிரண்டே துண்டுகள் (ஒரே பேஸில் ஒட்டிய சில வீரர்கள் சேர்ந்தது ஒரு துண்டு), 15 மி.மீ. அளவில் இரண்டடிக்கு இரண்டடி மேஜை. ஒரு மணி நேரத்துக்குள் முடிவு. ஒரு டைஸ் உருட்டி, விழுகிற எண்ணுக்கு ஏற்பத்தான் படையை நகர்த்தலாம். ஒன்று விழுந்தால் மொத்தப் படையும் நின்று வேடிக்கை பார்க்க, ஒரே ஒரு துண்டோ குழுவோதான் அசையும். அந்த நேரத்தில் பின்னால் நிற்கிறவர்கள் தரும் ஆலோசனைக்குக் குறைவே இருக்காது. நாலு துண்டு இழந்தால் தோல்வி. படைப்பட்டியலில் தமிழர், சிங்களருக்கென்று தனி இடம் உண்டு, யானைகளும் உண்டு. யானையைக் கண்டால் யாரும் ரோமானியப் படையைக் கேட்பதில்லை.

இதன் விதிநூல் ஆங்கிலம் படு மோசம், ஒரு வாக்கியத்தில் நாலு விதியைத் திணித்திருப்பார்கள். நடத்துகிறவர் ஒருவர் அதைப் படித்து, அரைப்பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதி ஒட்டிவிட வேண்டும். அந்தச் சிரமத்தை மன்னித்துவிடலாம், ஏனென்றால் படை மொத்தமும் ஒரு டிபன் பாக்ஸில் அடங்கும். தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறவருக்கு இது பெரிய விஷயம். 2000 பாயின்ட் படையோடு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்தால்தான் ஸ்பீடு பிரேக்கரின் அருமை தெரியும்.

நம் பக்கத்து வானிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடற்கரை ஈரக்காற்றில் சூப்பர் க்ளூ சட்டென்று பிடித்துக்கொள்ளும், அது வசதி. ஆனால் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். மழை நாளில் கடைசி நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய் அடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், பிரஷ்ஷால் தடவுகிற வார்னிஷ் போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ரெசின் பொம்மையை விட்டால் ஈட்டியும் வாளும் வளைந்து போயிருக்கும். பேஸ் கனமாக, உருவம் குட்டையாக இருக்கிற 15 மி.மீ. படைகளுக்கு இந்தப் பயம் குறைவு.

ஆக, எனக்கு மூன்று இடம் கொடுத்தால் வாசலுக்கு நேரே கோஹிமா, தாம்பூலப் பையோடு. சுவரோரமாக டி.பி.ஏ. போட்டிக்கு நாலு குட்டி மேஜை. கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், யாரும் விரும்பாத மேஜையில், கொண்டுவந்த பொம்மை எதுவானாலும் ஆடலாம் என்று ஒன் பேஜ் ரூல்ஸ். கில் டீம் ஆட்கள் தாங்களே ஜோடி சேர்ந்து எங்காவது உட்கார்ந்துகொள்வார்கள், அவர்களுக்கு யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. வார்ஹாமர் படைகளை மணமேடையில், விளக்கு நன்றாக விழுகிற இடத்தில், பெயின்டிங் போட்டிக்கு வரிசையாக வைக்கலாம். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் அவர்கள் காம்பாட் பேட்ரோல் ஆடிக்கொள்ளட்டும். எந்த மேஜையானாலும் நடத்துகிற ஒருவர் ஆடாமல் நிற்க வேண்டும், அந்த ஆளை முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். மதியச் சாப்பாடு நேரத்தில் அவரை மாற்றிவிட இன்னொருவரும் வேண்டும்.